இண்டென்ட் சீட்டில் படித்த வேதியியல்

எங்கள் பல்கலைக்கழக வேதியியல் துறையின் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. பேராசிரியர்களின் பெயர், படிப்பு, அதற்கு நேரே அவரவர் ஆய்வுப் பிரிவு. கைனடிக்ஸ், இயற்கைப் பொருள் வேதியியல், மின்வேதியியல், ஒளிவேதியியல், கரிம உலோகச் சேர்மங்கள், நானோ பொருள்கள், கணினி வேதியியல் என்று வரிசையாக எழுதியிருக்கும். பிஎச்.டி. சேர வரும் பிள்ளைகளும், தரம் சோதிக்க வரும் நாக் (NAAC) குழுவும் நின்று படிப்பது அந்தப் பலகையைத்தான்.

அதே ஆசிரியர்களை நான் பின்வாசல் வழியாகப் படித்தவன். துறைக்குப் பின்னால், சிலிண்டர் கொட்டகையை ஒட்டிய கண்ணாடி ஊதும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஸ்காலர்களுக்கு நான் ‘அண்ணே’. பெரிய பேராசிரியர்களுக்குத் ‘தம்பி’. என்னிடம் வருவது ஓர் இண்டென்ட் சீட்டும், அதோடு பின் குத்திய ஒரு படமும். இன்ன குழாய், இன்ன ஜாயின்ட், இத்தனை எண்ணிக்கை. கீழே கைடு கையெழுத்து.

அந்தப் படங்களில் இரண்டு வகை. முதல் வகை ஏதாவது ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ கேட்டலாகிலிருந்தோ பார்த்து வரைந்தது. அதைச் செய்து கொடுப்பேன். சில மாதம் கழித்து அதே ஆள் அதே சாமானுக்கு இன்னொரு படம் கொண்டுவந்தால், ஒரு கை நீண்டிருக்கும், ஒரு குமிழ் பெருத்திருக்கும், ஒரு குழாய் இடம் மாறியிருக்கும். அந்த இரண்டாவது படம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது அவருடைய மேஜையில் பிறந்தது. ஒருவருக்கு உண்மையில் எதில் ஆர்வம் என்பதைப் பலகையைப் பார்த்து நான் முடிவு செய்ததில்லை. இரண்டாவது படம் வருகிறதா என்று பார்ப்பேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகக் கண்ணாடி என்றால் பெரும்பாலும் போரோசிலிகேட். சுமார் 80 சதவீதம் சிலிக்கா, 13 சதவீதம் போரான் ஆக்சைடு. சூட்டில் விரிவது மிகக் குறைவு, சாதாரண சோடா கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் கொதிக்கும் ஃப்ளாஸ்க்கை இறக்கி வைத்தால் சட்டென்று தெறிப்பதில்லை. ஏறக்குறைய 820 டிகிரியில் இளகத் தொடங்கும். ஊதி உருவம் கொடுக்க அதைவிட நிறைய சூடு வேண்டும். சமையல் வாயுவோடு ஆக்சிஜன் கலந்த சுடர் அதற்குப் போதும். கண்ணாடியில் இருக்கும் சோடியம் சுடரில் மஞ்சளாக எரிந்து கண்ணைப் பறிக்கும், உள்ளே வேலை நடக்கும் இடம் தெரியாது. டிடிமியம் கண்ணாடி மாட்டிக்கொண்டால் 589 நானோமீட்டரில் வரும் அந்த மஞ்சள் மட்டும் மறைந்துவிடும். குழாயின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

ஊதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. சுடர் பட்ட இடமும் படாத இடமும் வேறு வேறு வேகத்தில் ஆறுவதால் உள்ளே இழுவிசை நிற்கும். சோறு வெந்ததும் மூடிவைத்துப் புழுங்கவிடுவதைப் போல, சாமானை 560 டிகிரிக்கு அருகே உலையில் வைத்திருந்து, இரவு முழுக்க மெல்ல ஆறவிட வேண்டும். மறுநாள் காலையில் போலரைசர் தகடுகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பேன். இழுவிசை மிச்சமிருந்தால் அந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மறுபடி உலைக்கு. பிடிவாதமாக நான் வைத்திருந்த இன்னொரு விதி, கழுவாத சாமானைப் பழுதுக்கு வாங்குவதில்லை. உள்ளே ஒரு சொட்டு ஈதர் ஆவி இருந்தாலும் சுடர் பட்டதும் வெடிக்கும். ‘கழுவிட்டேன் அண்ணே’ என்று சொன்னாலும் நான் இன்னொரு முறை கழுவிவிட்டுத்தான் பர்னரைப் பற்றவைப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் துறையில் கைனடிக்ஸ்தான் ராஜா. பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு தெர்மோஸ்டாட், பிப்பெட், பியூரெட், ஸ்டாப்வாட்ச், நல்ல கை. குரோமியம் ஆறு நிலைச் சேர்மங்கள், என்-புரோமோசக்சினிமைடு, குளோரமைன்-டி என்று ஏதாவது ஓர் ஆக்சிஜனேற்றியை எடுத்துக்கொண்டு, அது ஆல்கஹாலையோ சல்பைடையோ எவ்வளவு வேகத்தில் தாக்குகிறது என்று அளப்பார்கள். குறிப்பிட்ட நிமிடத்தில் கொஞ்சம் எடுத்து அயோடின் டைட்ரேஷன். கேட்கும் சாமானும் எளிமையானது. மூடி வைத்த பாட்டில், வெளியே கறுப்புப் பெயின்ட், வெளிச்சம் பட்டு வினை தானாக ஓடிவிடக் கூடாது என்பதற்காக. பலகையில் ‘கைனடிக்ஸ்’ என்று போட்டிருந்த பலரும் ஆண்டுக்கொரு முறை அதே பாட்டிலை அதே எண்ணிக்கையில் கேட்டார்கள்.

ஒருவர் மட்டும் இரண்டாவது படம் கொண்டுவந்தார். ஆங்கில ஒய் எழுத்துபோல இரண்டு கால் உள்ள குழாய். ஒரு காலில் ஆக்சிஜனேற்றி, மறு காலில் ஆல்கஹால். இரண்டும் தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே ஒரே சூட்டுக்கு வந்த பிறகு சாய்த்துக் கலக்க வேண்டும், அந்த நொடிதான் ஸ்டாப்வாட்ச்சின் தொடக்கம். “பாட்டில் பாட்டிலாக வெளியில் எடுத்துக் கலந்தால் முதல் அரை நிமிடம் எனக்குத் தெரியாமல் போய்விடுகிறது தம்பி” என்றார். அந்த அரை நிமிடத்துக்காக ஒரு மனிதர் தவிக்கிறார் என்றால், கைனடிக்ஸ் அவருக்குச் சம்பளத்துக்கான பாடம் இல்லை என்று புரிந்தது.

இயற்கைப் பொருள் வேதியியலுக்கு நம் ஊரில் நல்ல பரம்பரை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரி நஞ்சறுப்பான் கொடியின் ஆல்கலாய்டுகளை ஆராய்ந்தவர். பின்னாளில் சென்னை ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேம்பின் சேர்மங்களில் வேலை செய்தார். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும். இந்தப் பிரிவினருக்கு என்னிடம் தேவைப்படுவது இரண்டு. 1879-இல் பாலின் கொழுப்பை அளக்க ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் உருவாக்கிய சாக்ஸ்லெட் கருவி. வாசனை எண்ணெய் வடிக்கும் கிளெவெஞ்சர்.

கிளெவெஞ்சர் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எண்ணெய் மிதக்குமா, மூழ்குமா?” எலுமிச்சைப் புல் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும், கிராம்பு எண்ணெய் மூழ்கும். திரும்பி வரும் கையை இரண்டுக்கும் வேறு மாதிரி வைக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னவர்கள் செடியோடு பழகியவர்கள். “கைடைக் கேட்டுட்டு வர்றேன் அண்ணே” என்று ஓடியவர்களும் உண்டு. வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால் இரண்டும் சட்டென்று பிரியாமல் நிற்கும். வெட்டிவேரில் வேலை செய்த ஒரு மேடம் அளவுக்குழாயைச் சுற்றித் தனியாக ஒரு உறை வைக்கச் சொல்லி வரைந்துகொண்டு வந்தார். குழாயின் சூட்டைக் கொஞ்சம் மாற்றினால் எண்ணெயும் தண்ணீரும் பிரிகிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை.

எங்கள் ஊர்த் தண்ணீரும் ஆய்வில் தலையிடும். டயெத்தில் ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடு. கண்டென்சரில் அந்தத் தண்ணீரை ஓடவிட்டால் ஈதர் குளிராமல் கூரைக்குப் போய்விடும். ஐஸ் வாளியில் சின்ன மோட்டாரைப் போட்டுச் சுற்றவிடுவார்கள். இல்லையென்றால் ஈதர் வேலையை மார்கழிக்குத் தள்ளிவிட்டு, 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்சேனுக்கு மாறுவார்கள். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரோ கண்டென்சர் உறைக்குள் வெள்ளையாகப் படிந்து குளிர்ச்சியே ஏறாமல் செய்துவிடும். உறையைத் தனியாகக் கழற்றித் தேய்க்கிற மாதிரி ஒரு கண்டென்சரை ஒரு பேராசிரியர் வரைந்தார். ஐரோப்பாவில் அச்சான எந்தக் கேட்டலாகிலும் நான் அதைக் கண்டதில்லை. பலகையில் அவருக்கு நேரே ‘தாவர வேதியியல்’ என்று இரண்டே வார்த்தை.

மின்வேதியியல்காரர்கள் தனி இனம். காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அருகில் இருப்பதால், தெற்கே இருக்கும் துறைகளில் இந்த ஆர்வம் இயல்பாகவே வந்து ஒட்டிக்கொண்டது. அவர்களுக்கு எச் வடிவச் செல், நடுவில் சின்டர் தட்டு, அப்புறம் லுகின் கேப்பில்லரி. இந்தக் கேப்பில்லரியின் நுனி மின்முனைக்கு மிக அருகே போய் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் இடையில் உள்ள கரைசலின் மின்தடையும் அளவில் சேர்ந்துவிடும். ஒட்டி நின்றால் மின்முனையையே மறைத்துவிடும். முடிபோலத் துளை விட்டு அந்த நுனியை இழுப்பது கைப் பழக்கம்தான். பிளாட்டினம் கம்பியைக் கண்ணாடியில் பதிப்பது இன்னொரு வித்தை. பிளாட்டினமும் சோடா கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும். போரோசிலிகேட்டில் பதித்தால் ஆறும்போது கம்பியைச் சுற்றி விரிசல் விடும். “நாலு வருஷம் படித்ததை நாலு நிமிஷத்தில் காட்டிவிட்டீர்களே” என்று ஒரு ஸ்காலர் சிரித்தான்.

ஒளிவேதியியலில் கேள்வி ஒன்றுதான். குவார்ட்ஸா, போரோசிலிகேட்டா? குவார்ட்ஸ் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விட்டுவிடும். போரோசிலிகேட் 300-க்குக் கீழே பெரும்பாலும் தடுத்துவிடும். குவார்ட்ஸ் வேலைக்கு ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் சுடர் வேண்டும். அது இளகுவதற்கு 1600 டிகிரிக்கு மேல் போக வேண்டும். வெள்ளை வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கண் திறக்க முடியாது. விலையும் அதிகம். குவார்ட்ஸையும் போரோசிலிகேட்டையும் நேராக ஒட்டவும் முடியாது, விரிவு அவ்வளவு வித்தியாசம். இடையில் படிப்படியாக மாறும் கண்ணாடிகளை அடுக்கித்தான் சேர்க்க வேண்டும்.

2011 தொடக்கத்தில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே சாயக்கழிவை ஒளியால் சிதைக்கும் ஆய்வு பரவலாக இருந்தது. அதற்குப் பிறகு என் மேஜையில் ஒளி உலைக்கான படங்கள் குவிந்தன. நடுவில் விளக்கு, சுற்றிலும் சாயத் தண்ணீர், அதில் டைட்டானியம் டை ஆக்சைடு தூள், அடியில் காற்றுக் குமிழ். எல்லோரும் குவார்ட்ஸ் என்றே எழுதியிருப்பார்கள், பார்த்து எழுதிய கட்டுரையில் அப்படி இருந்ததால். “எந்த விளக்கு சார்?” என்பேன். 365 நானோமீட்டர் என்றால், “போரோசிலிகேட் போதும், டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 387-க்குக் கீழே இருந்தால் சரிதானே” என்பேன். ஹைட்ரஜன் பெராக்சைடை 254-இல் உடைக்கிறவர்களுக்கு மட்டும் குவார்ட்ஸ் கட்டாயம். இந்த விவரம் எனக்கு அதே துறையின் பழைய ஒளிவேதியியல் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தது. பல ஆயிரம் ரூபாய் மிச்சமாயிற்று.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் மெத்திலீன் நீலத்தையும் ரோடமினையும் தூய தண்ணீரில் கரைத்துச் சிதைத்தார்கள். ஒருவர் மட்டும் நிஜமான பட்டறைக் கழிவை வாங்கி வந்து ஊற்றினார். அதில் உப்பு அதிகம், நிறம் கறுப்பு, வெளிச்சம் உள்ளே போகவே இல்லை. மறு வாரம் அவர் இரண்டாவது படத்தோடு வந்தார். அகலமான உலையை விட்டுவிட்டு, விளக்கைச் சுற்றி மெல்லிய படலமாகத் தண்ணீர் வழிகிற மாதிரி ஒன்று. அதை ஊதுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கழிவின் நிறம் முழுதாகப் போகவில்லை என்றார். ஆனால் எது தடுக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஜெர்மனியில் போஸ்ட்டாக் முடித்துத் திரும்பிய ஓர் இளம் ஆசிரியர்தான் துறைக்கு ஷ்லெங்க் லைனைக் கொண்டுவந்தார். வில்ஹெல்ம் ஷ்லெங்க் பெயரால் வழங்கும் அமைப்பு. ஒரு குழாயில் வெற்றிடம், இன்னொன்றில் நைட்ரஜன் அல்லது ஆர்கான். இரண்டுக்கும் நடுவே ஸ்டாப்காக்கைத் திருப்பித் திருப்பி, காற்று படாமல் கரிம உலோகச் சேர்மங்களைக் கையாளலாம். செய்து முடித்ததும் டெஸ்லா காயிலை மேலே நகர்த்திக்கொண்டே போவேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எங்காவது இருந்தால் பொறி அந்த இடத்தை நோக்கிப் பாயும். அதைப் பார்க்கவே முதலாண்டு மாணவர்கள் கூடுவார்கள்.

லைன் நன்றாகத்தான் இருந்தது, எங்கள் ஊர் மின்சாரம்தான் அதற்குப் பழகவில்லை. 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் போனதும் வெற்றிடப் பம்பு நிற்கும். அதன் எண்ணெய் மேலேறி லைனை நோக்கி வரும். திரவ நைட்ரஜனில் மூழ்கிய பொறியில் (டிராப்) காற்று நுழைந்தால் அதைவிட ஆபத்து. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலேயே திரவமாகும். மைனஸ் 196-இல் இருக்கும் பொறிக்குள் இளநீலமாகத் தேங்கிவிடும். கரைப்பானோடு சேர்ந்தால் வெடிமருந்து. அந்த ஆசிரியரின் இரண்டாவது படத்தில் பம்புக்கும் லைனுக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றுக் குமிழ், அதன் தலையில் காற்றைத் திறந்துவிட ஒரு மூன்று வழி ஸ்டாப்காக், பொறியைத் தனியே பிரிக்க இன்னொன்று. கோடையில் கிரீஸ் இளகி ஸ்டாப்காக் நழுவுகிறது என்று டெஃப்லான் வால்வுக்கும் மாறினார். அவரிடம் படித்தவர்கள் வேறு கல்லூரிகளில் ஆசிரியர்களானபோது அந்தப் படத்தின் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு துறையின் ஆய்வு ஆர்வம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

நம் மாநிலத்தில் படிகம் வளர்க்கும் ஆர்வம் அதிகம். 2005-இல் சங்கரநாராயணனும் ராமசாமியும் வெளியிட்ட முறை வந்த பிறகு எனக்கு அந்தக் குழாய் வேலை வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணாடிக் குழாய்; அடியில் குறுகிய நுனி, அங்கே விதைப் படிகம்; மேலே வளையச் சூடேற்றி. கரைப்பான் மேலே ஆவியாக, படிகம் அடியிலிருந்து ஒரே திசையில் குழாயை நிறைத்துக்கொண்டு வளரும். விதை எந்தக் கோணத்தில் உட்காருகிறதோ அந்தத் திசையில்தான் முழுப் படிகமும் போகும். ஆகவே நுனியை நான் எப்படி இழுத்தேன் என்பது அவர்களுடைய கட்டுரையின் தலைவிதி. இந்த ஒரு சாமானுக்கு வந்த அளவுக்கு இரண்டாவது, மூன்றாவது படங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை.

பிறகு சீட்டுகள் குறைந்தன. நானோ பொருள்காரர்களுக்கு வேண்டியது டெஃப்லான் குடுவை வைத்த எஃகு ஆட்டோகிளேவ், 180 டிகிரி ஓவன், மஃபிள் ஃபர்னஸ். அதில் நியாயமும் உண்டு. ஃப்ளூரைடும் சூடான காரமும் கண்ணாடியைத் தின்றுவிடும். கணினி வேதியியல்காரர்கள் என்னைத் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. அவர்களில் ஒரு மேடம் வீட்டுக்குப் பூ ஜாடி ஊதித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். ஆனால் அவர்கள் கணக்குப் போட்டு ‘இந்த வினை நடக்காது’ என்று சொன்னதால் பக்கத்து ஆய்வகத்தில் பல மாத வேலை மிச்சமானதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2009-இல் வந்த யூஜிசி விதியின்படி ஆய்வேட்டைக் கொடுக்கும் முன்பே ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் கணக்கு வந்தது. விரைவில் கட்டுரையாகும் பக்கம் ஆர்வமும் சாய்ந்தது. அந்தக் கணக்கில் முதல் படம் போதும். அது வேலை செய்தால் ஒரு கட்டுரை. கலவையில் ஒரு தனிமத்தை மாற்றினால் இன்னொன்று. இரண்டாவது படம் வரைய ஒரு தோல்வியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரமும் வேண்டும். ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருட ஃபெலோஷிப்பில் இருக்கும் பிள்ளையின் அவசரம்தான் கைடின் அவசரமும்.

நான் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இப்போது கண்ணாடி டெண்டரில் வருகிறது, பெரும்பாலும் அம்பாலா பக்கத்திலிருந்து. தரம் மோசமில்லை, ஜாயின்ட் எல்லாம் பத்துக்கு ஒன்று சரிவில் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கேட்டலாகில் இருப்பது எல்லாமே வேறு யாரோ, வேறு எங்கோ, தங்கள் தண்ணீருக்கும் தங்கள் மின்சாரத்துக்கும் வரைந்தது. ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் அங்கே சாமான் கிடைக்கும்.

புதிதாக ஆய்வில் சேரும் பிள்ளைகள் எந்தக் கைடிடம் சேரலாம் என்று இப்போதும் போன் செய்து என்னைக் கேட்பதுண்டு. பலகையில் இருக்கும் வரியை நான் சொல்வதில்லை. அந்த ஆய்வகத்துக்குப் போய், கடையில் வாங்க முடியாத சாமான் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கண்ணாடிதான் என்றில்லை; வளைத்த கம்பி, துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா, அவரே எழுதிய ஒரு கணினி நிரல், எதுவானாலும் சரி. அது எதற்கு என்று கேளுங்கள். அவர் எழுந்து வந்து விளக்க ஆரம்பித்தால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.